வெட்டிக்கொள்ளும் கோடுகளைப் பிரிக்க எந்த வழி? ஆத்தங்குடி அச்சு வரைபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கம் கேட் (CAD, கம்ப்யூட்டரில் போடும் வரைபடம்) வரைகிறவர்களுக்குக் கட்டட பிளான் போக இப்போது அடிக்கடி வருவது பழைய வீட்டுத் தரை. வளவிலோ பட்டாசாலையிலோ நாலைந்து ஆத்தங்குடிக் கல் (தரை டைல்) பெயர்ந்திருக்கும். அந்த டிசைனுக்கு அச்சு யாரிடமும் இருக்காது. வீட்டுக்காரர் ஒரு கல்லைத் துணியில் சுற்றி எடுத்து வருவார், இதே மாதிரி அச்சு வேண்டும் என்பார். கல்லைப் படம் பிடித்து, அளவுக்குக் கொண்டுவந்து, மேலே கோடு வரைவது பெரிய வேலை இல்லை. வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நம் கண்ணுக்குத் திரையில் எட்டு கட்டம் தெரியும். மென்பொருளுக்கு அங்கே இருப்பது வெறும் நாலு கோடு.

அந்த நாலு கோட்டை எட்டாக்க ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. எது நல்லது என்று கேட்டால், அச்சு எப்படிச் செய்யப்படப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். தகட்டுப் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்த அச்சா? முழுத் தகட்டில் லேசர் வைத்துத் துளை போட்ட அச்சா? இரண்டுக்கும் கோட்டை நடத்த வேண்டிய விதம் வேறு. சில வேலைகளில் கோட்டைப் பிரிக்கவே கூடாது.

அச்சு என்ன செய்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல்லை அடுப்பில் சுடுவதில்லை. கண்ணாடித் தகடு மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் கலந்த சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குவார்கள். மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறல், காய்ச்சல். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பு. ஆக, நாம் வரையும் ஒவ்வொரு கோடும் இரண்டு கலருக்கு நடுவே நிற்கும் ஒரு சுவர். ஆத்தங்குடியில் கல் போடும் ஒருவர் என்னிடம் சொன்னது: “தம்பி, கோடு சேந்திருக்கா பிரிஞ்சிருக்கான்னு எனக்கு எதுக்கு? கலர் ஊத்த எத்தனை கட்டம், எவ்வளவு இடுக்கு, அதைச் சொல்லுங்க.” அவர் கேட்டதில் இடுக்கு என்பதை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நாலிதழ்ப் பூவை எடுத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று கல்லின் பக்கம் 200 மி.மீ. என்று வைக்கிறேன். நாலு பக்கத்திலும், பக்கத்தையே விட்டமாகக் கொண்டு உள்நோக்கி ஓர் அரைவட்டம். ஆரம் 100 மி.மீ. நாலு அரைவட்டமும் கல்லின் நடுப்புள்ளி வழியாகப் போகும். மூலையிலிருந்து நடு வரைக்கும் நாலு இதழ், பக்கத்துக்கு ஒன்றாக நாலு முக்கொம்பு (மூன்று முனை உள்ள கட்டம்), மொத்தம் எட்டு கட்டம். இதழ் ஒன்றுக்கு 57 சதுர செ.மீ., முக்கொம்பு ஒன்றுக்கு 43. இதழ் சிவப்பு என்றால் கல்லில் 57 சதவீதம் சிவப்புக் கலவை போகும் என்று ஊற்றுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இந்தப் பூவில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. அது நடுப்புள்ளி. அடுத்தடுத்த அரைவட்டங்கள் அங்கே செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. எதிரெதிர் அரைவட்டங்களோ வெட்டிக்கொள்வதில்லை, தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றன. தொடும் இடத்தில் வெட்டுப்புள்ளி தேடச் சொன்னால் எந்த மென்பொருளும் தடுமாறும். வரையும்போது ஆயிரத்தில் ஒரு மி.மீ. விலகியிருந்தாலும் போதும். ஒன்று, புள்ளியே கிடைக்காது, இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிடைக்கும். ஆகவே எந்த மென்பொருளானாலும் நடுவில் பிரிக்கும்போது எதிரெதிர் ஜோடியைப் பிடிக்காதீர்கள். அடுத்தடுத்த ஜோடியின் வெட்டுப்புள்ளியையோ, வளைவின் நடுப்புள்ளியையோ பிடியுங்கள்.

இனி வழிகள்.

முதலாவது கையால் பிரிப்பது. ஆட்டோகேட்டில் பிரேக் அட் பாயிண்ட். 2021 பதிப்பிலிருந்து இது தனிக் கட்டளை. ஒரு முறை முடித்ததும் எண்டர் தட்டினால் மறுபடி வரும், அதனால் கை ஓடும். பழைய பதிப்பில் பிரேக் கொடுத்து, கோட்டைத் தொட்டு, எஃப் போட்டு முதல் புள்ளியைக் காட்டி, இரண்டாம் புள்ளிக்கு அட் குறி (@) அடிக்க வேண்டும். இடைவெளி விழாமல் கோடு இரண்டாகும். முழு வட்டத்தை மட்டும் இப்படி ஒரே புள்ளியில் பிரிக்க முடியாது. ஒரு புள்ளியில் வெட்டிய வட்டம் எப்படியும் ஒரே துண்டாகத்தானே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நியாயம் புரியும். லிப்ரெகேட்டில் இதே வேலைக்கு டிவைட். கோட்டைத் தொட்டு, இண்டர்செக்‌ஷன் ஸ்னாப்பை (வெட்டுப்புள்ளியில் தானாக ஒட்டும் வசதி) வைத்துக்கொண்டு புள்ளியைத் தொட்டால் முடிந்தது. இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். நம் பூவில் நாலு வளைவு, நாலு வெட்டு, எட்டுத் துண்டு. ஆனால் முகப்புத் தரையில் இருக்கும் பெரிய டிசைன்களில் வெட்டுப்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வரும். அங்கே இந்த வழி கையை ஒடித்துவிடும். ஆட்டோகேட் மேப், சிவில் இரண்டிலும் வரைபடத்தைச் சுத்தம் செய்யும் ஒரு கருவிக்குள், குறுக்கிடும் கோடுகளை எல்லாம் ஒரே அடியில் பிரிக்கும் வசதி உண்டு. நிலவரைபடக்காரர்களுக்காக வைத்தது, நமக்கும் உதவும். சாதாரண ஆட்டோகேட்டில் அதற்கு லிஸ்ப் நிரல் ஏற்ற வேண்டும். அதன் குறைந்த வசதிப் பதிப்பான எல்டி வைத்திருப்பவர்களுக்கு லிஸ்ப் கிடைத்ததே 2024 பதிப்பிலிருந்துதான்.

ட்ரிம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாத துண்டை வெட்டி எறியத்தான் அது. நம் பூவில் எறிய வேண்டிய துண்டே கிடையாது, எல்லாம் சுவர். பழக்கதோஷத்தில் ட்ரிம்மை எடுத்துவிட்டுப் பிறகு விட்டுப்போன சுவரை மறுபடி வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, அளவுக் கட்டுப்பாடுகள் உள்ள ஸ்கெட்சுக்குள்ளேயே பிரிப்பது. அதாவது ஃப்ரீகேட், சாலிட்வொர்க்ஸ் மாதிரி. இங்கே ஒரு வளைவு வெறும் வளைவாக நிற்பதில்லை. அதன் ஆரம், மையம், அது எதைத் தொட வேண்டும் எல்லாம் அதோடு ஒட்டியிருக்கும். ஃப்ரீகேட்டில் 0.20 பதிப்பில்தான் ஸ்ப்ளிட் கருவியே வந்தது. கட்டுப்பாடுகளில் பெரும்பாலானதை அது இரண்டு துண்டுக்கும் கடத்திவிடும். ஆனால் நீங்கள் சொடுக்கிய இடத்தில்தான் வெட்டும். வெட்டுப்புள்ளி பக்கத்தில் இருக்கிறதே என்று தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. பக்கத்தில் வெட்டிவிட்டு, புதிய முனையை அடுத்த வளைவோடு பொருத்தும் கட்டுப்பாட்டை நாமே போட வேண்டும். சாலிட்வொர்க்ஸில் ஸ்ப்ளிட் என்டிட்டீஸ். முழு வட்டத்துக்கு இரண்டு பிரிவுப் புள்ளி கேட்கும், பிரித்தது பிடிக்கவில்லை என்றால் அந்தப் புள்ளியை அழித்தால் பழையபடி சேர்ந்துவிடும். இந்தச் சேர்க்கும் வசதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இருந்தாலும் இந்த வகை மென்பொருளில் ஸ்கெட்சைப் பிரிப்பதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டுப்பாடு கூடும். நாளைக்கு வீட்டுக்காரர் எட்டு அங்குலம் இல்லை, பத்து அங்குலம் என்று சொன்னால், ஓர் அளவை மாற்றியதும் முழு டிசைனும் தானாக விரிய வேண்டும். அதற்குத்தானே இந்த மென்பொருளையே எடுத்தோம். துண்டு துண்டாகக் கிடக்கும் ஸ்கெட்ச் அப்போது எங்காவது அறுந்துபோகும், எங்கே அறுந்தது என்று தேடுவதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம்.

ஃப்ரீகேட்டில் குறுக்கிடும் கோடுகளை அப்படியே விட்டு பேட் (உருவத்துக்குத் தடிமன் கொடுக்கும் கட்டளை) கொடுத்தாலும் வேலைக்கு ஆகாது, பிழைதான் வரும். அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. ஆத்தங்குடி டிசைன்களுக்கு அது ரொம்பப் பொருந்தும். நாலு அரைவட்டத்தையும் துணைக்கோடாக மாற்றிவிடுங்கள். அவற்றிலிருந்து சுவர்த் தடிமனில் பாதி உள்ளே தள்ளி, ஓர் இதழும் ஒரு முக்கொம்பும் மட்டும் மூடிய உருவமாக வரையுங்கள். அவற்றைத் தகட்டில் துளையாக்கி, போலார் பேட்டர்ன் போட்டு நாலு முறை சுற்றுங்கள். ஒரு கோட்டைக்கூடப் பிரிக்காமல் எட்டு கட்டம் வந்துவிடும். அளவை மாற்றினாலும் அறுகாது. பழைய கல்லில் கைவேலையால் வந்த சின்னக் கோணல்கள் இதில் மறைந்துவிடும். அதை இழப்பாக நினைக்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கோட்டைத் தொடாமல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. ஃபியூஷனில் கோடுகள் எப்படிக் குறுக்கிட்டாலும் மூடிய இடம் ஒவ்வொன்றையும் அதுவே தனிக் கட்டமாகக் கண்டுகொள்ளும். மவுஸை மேலே கொண்டுபோனால் நிறம் மாறும், தொட்டு உயர்த்த வேண்டியதுதான். உண்மையிலேயே பிரிக்க வேண்டும் என்றாலும் அதன் பிரேக் கருவி கொஞ்சம் புத்திசாலி. பிரியப்போகும் வெட்டுப்புள்ளிகளைச் சொடுக்கும் முன்பே காட்டிவிடும். சாலிட்வொர்க்ஸில் கான்டூர் செலக்ட் இதே வேலையைச் செய்யும். ஆட்டோகேட்டில் பவுண்டரி. கட்டத்துக்குள் ஒரு சொடுக்கு, சுற்றிலும் மூடிய பாலிலைன் (ஒரே தொடர்கோடு) விழும், பழைய கோடுகள் அப்படியே இருக்கும்.

லேசர் தகட்டு அச்சுக்கு இதுதான் சரியான வழி என்று அடித்துச் சொல்வேன். காரணம் அந்த இடுக்கு. சுவர் 1.5 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் 0.75 மி.மீ. உள்ளே ஆஃப்செட் செய்தால் கட்டங்கள் துளையாகும், நடுவில் விட்டது சுவராகும். இதழின் முனை செங்கோணம், அதனால் அது ஒரு மி.மீ. அளவுக்குத்தான் பின்வாங்கும். முக்கொம்போ மூன்று கொம்பிலும் ஊசி. நடுப்புள்ளிப் பக்கத்துக் கொம்பு அந்த 0.75 மி.மீ.க்கே 12 மி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிடும். பூவின் நடுவில் நாலு பக்கமும் கை நீட்டிய ஒரு சிலுவையாகத் தகடு நிற்கும், அங்கே கலர் இறங்காது. கோட்டை வெறுமனே பிரித்துவிட்டு நிறுத்தியவருக்கு இது தகடு வெட்டி வந்த பிறகுதான் தெரியும். ஆஃப்செட் செய்தவர் திரையிலேயே பார்த்துவிட்டு, “அண்ணே, நடுவுல இவ்வளவு தூரம் கலர் போகாது, சுவரை மெலிசாக்கலாமா, இல்ல நடுவுல ஒரு பொட்டு வச்சுடலாமா?” என்று கேட்டுவிடலாம்.

ஃபியூஷனில் கவனிக்க வேண்டியது உரிமம். இலவசத் தனிநபர் உரிமம் தொழிலுக்கு இல்லை, திருத்தும் நிலையில் பத்துக் கோப்புகள்தான் வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் அழகப்பா கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. காசு வாங்கி அச்சு வரைகிறவர் பணம் கட்டியாக வேண்டும்.

நான்காவது, வரையும்போதே தானாகப் பிரித்துவிடும் மென்பொருள்கள். ஸ்கெட்ச்அப்பில் ஒரு கோட்டின் குறுக்கே இன்னொன்று போட்டால் இரண்டும் அங்கேயே உடைந்துவிடும். கேட்கவே வேண்டாம். வீட்டு உள் அலங்காரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் அச்சு வேலையையும் இதிலேயே முடித்துக்கொடுங்கள் என்பார்கள். அச்சுக்கு இது ஆகாது என்பது என் கருத்து. ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்று ஒன்று கிடையாது. நாம் மாற்றாதவரை, வட்டம் என்று தெரிவது 24 பக்கப் பலகோணம். ஆரம் 100 மி.மீ. என்றால் உண்மையான வளைவுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் 0.86 மி.மீ. வித்தியாசம் விழும். கல்லில் அது கண்ணுக்குத் தெரியும். பக்கங்களை 96 ஆக்கினால் வித்தியாசம் 0.05 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். ஆனால் கோப்பில் குட்டிக் குட்டிக் கோடுகள் குவியும். இலவச இணையப் பதிப்பு, வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பாக ஏற்றுமதி செய்வதும் இல்லை. தரை விரித்தால் வீடு எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்லது இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்க்ஸ்கேப்பைக் கேட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1.3 பதிப்பில் வந்த ஷேப் பில்டரும், அதிலுள்ள ஃப்ராக்சர் கட்டளையும் இந்த வேலைக்கு அபாரம். நாலு வட்டத்தையும் சதுரத்தையும் தேர்ந்தெடுத்து ஃப்ராக்சர் கொடுத்தால் எல்லாக் கட்டமும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும், சதுரத்துக்கு வெளியே விழுந்ததை அழித்தால் போதும். கலர் போட்டுப் பார்க்கலாம். பச்சையா மஞ்சளா என்று வீட்டு ஆச்சி முடிவு செய்யும் வரை மாற்றி மாற்றிக் காட்டலாம். துல்லியம் பற்றிப் பயப்பட வேண்டாம். வட்டத்தை நாலு பெசியே வளைவுத் துண்டாக மாற்றும்போது வரும் பிழை ஆரத்தில் 0.027 சதவீதம். நம் கல்லில் 0.03 மி.மீ.கூட இல்லை. இதன் குறை வேறு. வட்டம் வட்டமாக இருப்பதில்லை, ஆரத்தைத் தட்டி மாற்ற வழியில்லை. டிஎக்ஸ்எஃப் ஆக்கும்போது வளைவுகள் ஸ்ப்ளைன் என்னும் நெளிவளைவாகவோ துண்டுக் கோடாகவோ போகும். ஒரே வீச்சில் போக வேண்டிய வெட்டும் இயந்திரம் துண்டுக்குத் துண்டு தயங்கிப் போக இது ஒரு காரணம்.

பட்டை வளைத்துச் செய்யும் அச்சைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அங்கே கட்டம் முக்கியமில்லை, துண்டின் நீளம்தான் முக்கியம். எல்லா வளைவையும் நடுவில் பிரித்தால் 157 மி.மீ. பட்டை எட்டு வேண்டும். எட்டு முனையும் ஒரே புள்ளியில் வந்து முட்டினால் பற்றவைக்கிறவர் நம்மைத்தான் திட்டுவார். எதிரெதிர் வளைவு இரண்டு நடுவில் தொட்டுக்கொண்டுதானே போகின்றன? அந்த இரண்டை முழுசாக, 314 மி.மீ. பட்டையாக விட்டுவிடலாம். மற்ற இரண்டை மட்டும் பிரித்து நாலு அரைப்பட்டை. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பட்டை, பக்கத்துக்கு இரண்டாக வந்து சேரும் நாலு துண்டு. ஆக நாலில் இரண்டு கோட்டைத்தான் பிரிக்க வேண்டும். இதற்கு லிப்ரெகேட்டும் ஆட்டோகேட்டின் பிரேக்கும் தாராளம். நீளத்தையும் அங்கேயே படித்து எழுதிக்கொடுத்துவிடலாம்.

பிரிக்கவே கூடாத வேலையும் ஒன்று இருக்கிறது. சிக்குக் கோலத்தை மரத்திலோ பித்தளையிலோ சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரம்) வைத்துச் செதுக்கக் கேட்பார்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரே கம்பி போய்வந்து தன்னையே பல இடத்தில் தாண்டும். தாண்டும் இடத்தில் எல்லாம் கோட்டைப் பிரித்தால் உளி ஒவ்வொரு சந்தியிலும் தூக்கி இறக்கப்படும், அந்த இடத்தில் தழும்பு விழும். சரி, பிரித்ததைத் திரும்ப ஜாயின் செய்துகொள்ளலாமே என்றால், நாலு முனை கூடும் இடத்தில் எது எதோடு சேர வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. நேராகப் போக வேண்டிய கோட்டை ஓரமாகத் திருப்பிச் சேர்த்துவிடும். கோலம் கெட்டது. ஒரே பாலிலைனாக வரைந்ததை ஒரே பாலிலைனாகவே அனுப்புங்கள்.

காசு செலவழிக்காமல் ஆரம்பிக்கிறவர் கேட்டால் நான் சொல்வது: கலர் பார்க்க இங்க்ஸ்கேப், பட்டை அச்சுக்கு லிப்ரெகேட், தகட்டு அச்சுக்கு ஃப்ரீகேட்டில் போலார் பேட்டர்ன். ஏற்கெனவே ஆட்டோகேட் வைத்திருக்கும் பிளான் ஆபீஸ்காரர் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பவுண்டரியும் ஆஃப்செட்டும் அவருக்கு எல்லாத் தகட்டு வேலையையும் முடித்துவிடும். தினமும் அளவு மாறி மாறி ஆர்டர் வருகிற பட்டறை என்றால்தான் ஃபியூஷன், சாலிட்வொர்க்ஸ் செலவு நியாயம்.

எந்த வழியில் போனாலும், பிரிப்பதற்கு முன் வரைபடத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கோடுகள் உள்ள கோப்பு நம்மிடம், பிரித்தது வெட்டுக்கடைக்கு. பவுண்டரி பயன்படுத்தியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கட்டத்துக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், ஆனால் கோடு இரண்டு முறை விழுந்திருக்கும். ஆஃப்செட் செய்து அசல் கோடுகளை நீக்கியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆஃப்செட் இல்லாமல் அனுப்பினால் லேசர் ஒரே இடத்தில் இரண்டு முறை போய்த் தகட்டைக் கருக்கும். ஆட்டோகேட்டில் ஓவர்கில் கட்டளை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை எடுத்துவிடும்.

வெட்டுக்கடை பழைய இயந்திரம் வைத்திருந்தால் டிஎக்ஸ்எஃப் ஆர்12 வடிவம் கேட்பார்கள். ஆர்12-இல் ஸ்ப்ளைனும் நீள்வட்டமும் கிடையாது, வட்டவில் உண்டு. பூவை வட்டவில்லாகவே வைத்திருந்தால் அப்படியே போய்ச்சேரும். அலகைக் கோப்போடு சேர்த்து நம்பாதீர்கள். அங்குலத்தில் திறந்துவிட்டால் எல்லாம் 25.4 மடங்கு மாறிவிடும். டிசைனுக்கு வெளியே 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தைப் போட்டு, “இது 100 வருதான்னு பாத்துட்டு வெட்டுங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுங்கள்.